கயிறு யார் கையில்?

2023ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 31ஆம் நாள், பினாங்கிலிருந்து சிங்கப்பூருக்குத் திரும்பிக்கொண்டிருந்த ‘ஸ்பெக்ட்ரம் ஆஃப் த சீஸ்’ என்னும் சொகுசுக் கப்பலிலிருந்து, கணவரோடு பயணம் செய்த இந்திய மூதாட்டி ஒருவர் சிங்கப்பூர் நீரிணையில் விழுந்தார். கண்விழித்த கணவர் அறையில் மனைவியைக் காணாது தேடினார். ஏதோ ஒன்று கப்பலிலிருந்து நீரில் விழுந்ததைக் கருவி உணர்த்தியிருந்தது என்று குடும்பத்தாருக்குச் சொல்லப்பட்டது. அவர்கள் முதலில் கேட்டது இழப்பீடு அன்று. கண்காணிப்புக் காமிராவின் பதிவைக் காட்டுங்கள் என்பதே அவர்தம் கோரிக்கை. பதிவைக் கண்ட பிறகே, தாய் இனித் திரும்பார் என்பதை அவர்கள் ஏற்றுக்கொண்டனர்.

இத்தகைய செய்தி வரும்போதெல்லாம் நம் நாவில் முதலில் எழும் வினா ஒன்று உண்டு: “அந்த நேரத்தில் அவருக்கு அந்த ஓரத்தில் என்ன வேலை?” இவ்வினா இயல்பானதே. ஆயினும் இதனைச் சற்று நிறுத்திவைத்து, வேறொரு வினாவை முன்வைக்க விரும்புகிறோம். ஒருவர் கடலில் விழுந்தால் அதற்குப் பொறுப்பு யாருடையது? விழுந்தவருடையதா, அழைத்துச் சென்றவருடையதா, பார்த்துக்கொண்டிருக்க வேண்டியவருடையதா?

சொகுசுக் கப்பலுக்கும் முத்துக்குளித்துறைக்கும் என்ன தொடர்பு என்று அன்பர்கள் வியக்கக்கூடும். 1906இல் வ.உ.சிதம்பரனார் சுதேசிக் கப்பல் நிறுவனத்தைத் தொடங்கித் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் கப்பல் விட்டது முதல், 2011 ஜூனில் ‘ஸ்கோஷியா பிரின்ஸ்’ அதே வழியில் பயணிகளோடு புறப்பட்டுச் சில மாதங்களில் நின்றுபோனது வரை, ஆட்களை ஏற்றி இறக்குவது நம் துறைமுகத்துக்குப் புதிதன்று. நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரில் பயணிகள் போக்குவரத்து மீண்டும் தொடங்கியது. சென்னையிலிருந்தும் சொகுசுக் கப்பல் சென்றிருக்கிறது. இவற்றையெல்லாம் விட நெருங்கிய தொடர்பு ஒன்றுண்டு. நம் கடற்கரைப் பங்குகளின் இளைஞர் பலர் உலகக் கப்பல்களில் வேலை செய்கின்றனர். கடலில் தவறி விழுவோருள் பயணிகள் மட்டுமல்லர், இத்தகைய பணியாளரும் இருக்கின்றனர்.

இன்று உலகில் ஆண்டொன்றுக்கு மூன்று கோடிக்கு மேற்பட்டோர் சொகுசுக் கப்பலில் பயணம் செய்கின்றனர். அவர்களுள் கடலில் விழுவோர் இருபது பேர் அளவில்தான். எண்ணிப் பார்த்தால் மிகச் சிறிய தொகை. நம் சாலைகளில் ஒரு நாளில் மாய்வோரின் எண்ணிக்கைக்கு இது ஈடாகாது. எனினும் விழுந்தவருள் உயிரோடு மீட்கப்படுவோர் ஏறத்தாழ நான்கில் ஒருவரே என்னும்போது, எண்ணிக்கை சிறிது என்ற ஆறுதல் கரைந்துபோகிறது. காணாமற்போன ஒன்றுக்காகத் தொண்ணூற்றொன்பதை விட்டுச் சென்ற ஆயரைப் பற்றி ஞாயிறுதோறும் பேசுகிற நாம், கணக்கைக் காட்டி இவ்வினாவைத் தள்ளிவிட இயலாது.

அமெரிக்க நாடு 2010இல் இதற்கெனச் சட்டம் ஒன்று இயற்றியது. தடுப்புக் கம்பி 42 அங்குலத்துக்குக் குறையலாகாது. விழுபவரைப் படம்பிடிக்கும் அல்லது உடனே அறிவிக்கும் கருவிகளை, அவை கிடைக்கும் அளவுக்கு, கப்பலில் பொருத்த வேண்டும். ‘கிடைக்கும் அளவுக்கு’ என்ற இச்சிறு தொடரே பின்னர்ப் பெரிய வாயிலாயிற்று. கடற்பறவை பறந்தாலும் அலைத்துளி தெறித்தாலும் கருவி அலறுகிறது, பொய் அலறல் மிகுந்தால் மெய்யான அலறலையும் எவரும் மதியார் என்று கப்பல் நிறுவனத்தார் கூறினர். அதில் உண்மை இல்லாமலில்லை. ஆயினும் 2020இல் இத்தகைய கருவிகளுக்கென்றே பன்னாட்டுத் தரவரையறை ஒன்று வெளியாகிவிட்டது. கருவி பொருத்திய கப்பல்களும் இருக்கின்றன, பொருத்தாதவையும் இருக்கின்றன.

இழப்பீட்டுச் சட்டம் இன்னும் வியப்பானது. கடற்பயணிகளைப் பற்றிய ஏதென்ஸ் உடன்படிக்கையின் திருத்திய வடிவம் 2014இல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி, கப்பல் மூழ்கினாலோ மோதினாலோ தீப்பற்றினாலோ கவிழ்ந்தாலோ, ஒரு வரம்பு வரை கப்பலுடையவரே பொறுப்பாவார். அவர் தவறு செய்தார் என்று குடும்பத்தார் மெய்ப்பிக்கத் தேவையில்லை. ஆனால் கப்பல் நலமாய் இருக்க, ஒருவர் மட்டும் விழுந்தால், கப்பலுடையவர் தவறினார் என்பதைக் குடும்பத்தாரே மெய்ப்பித்தாக வேண்டும். ஆயிரம் பேரோடு மூழ்கினால் சட்டம் உன் பக்கம் வரும், நீ தனியே மூழ்கினால் உன் பிள்ளைகள் சான்று தேடி அலைய வேண்டும் என்பது போலன்றோ இது? சான்றோ கப்பலுக்குள் இருக்கிறது, கப்பலோ அடுத்த துறைக்குப் போய்விட்டது. மேலும், ஆழ்கடல் இறப்பைப் பற்றிய அமெரிக்கச் சட்டம் 1920இல் எழுதப்பட்டது. அது பொருள் இழப்பையே இழப்பாக எண்ணுகிறது. சம்பாதிப்பவர் மாண்டால் தொகை பெருகும். ஓய்வுபெற்ற முதியவரும் பள்ளிப்பிள்ளையும் மாண்டால், சட்டத்தின் தராசில் ஏறத்தாழ ஒன்றும் ஏறாது. எழுதியோர் கொடியவர் அல்லர் என்றே கொள்வோம். மாலுமியின் மனைவி பட்டினி கிடக்கலாகாது என்பது அக்காலத்து அவர்தம் எண்ணமாயிருந்திருக்கலாம். ஆயினும் பாட்டியின் உயிருக்கு விலையில்லை என்று கூறும் ஏட்டை அறநூல் என்று நாம் ஒப்புவதற்கில்லை.

சட்டத்தை விட்டு அறத்துக்கு வருவோம்.

விழுந்தவர் மீது குற்றம் உண்டா என்றால், பல நேரங்களில் உண்டு. மதுவருந்தித் தடுப்பின்மேல் ஏறியோர் உண்டு. படம் எடுக்கக் கம்பிமேல் அமர்ந்தோர் உண்டு. மது என்னும்போது ஒன்று சொல்லாமல் இருக்கக் கூடவில்லை. அளவின்றிக் குடிக்கச் சீட்டு விற்றுப் பணம் ஈட்டும் கப்பல், விழுந்த பிறகு “அவர் குடித்திருந்தார்” என்று கை கழுவுகிறது. அரசே கடை நடத்திவிட்டு, குடித்து விழுந்தவனைப் பார்த்து முகம் சுளிக்கும் நாட்டில் வாழும் நமக்கு இது புதிய நாடகம் அன்று.

2019இல் புவேர்ட்டோ ரிக்கோத் தீவின் துறைமுகத்தில் நின்ற ஒரு கப்பலில், பதினோராம் தளத்துத் திறந்த சன்னலருகே பாட்டனார் ஒருவர் பேத்தியைத் தூக்கிப் பிடித்தார். ஒன்றரை வயதுக் குழந்தை அவர் கையிலிருந்து நழுவிக் கீழே விழுந்து இறந்தது. அங்கே கண்ணாடி இருந்தது என்று எண்ணினேன் என்றார் அவர். பின்னர்க் கவனக்குறைவால் நேர்ந்த இறப்பு என்ற குற்றத்தை ஒப்புக்கொண்டார். சிறையின்றி, நன்னடத்தைக் கண்காணிப்பு அவருக்கு விதிக்கப்பட்டது. குழந்தையின் பெற்றோர் கப்பல் நிறுவனத்தின்மீது தொடுத்த வழக்கை நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. தீர்ப்பைப் பற்றி நாம் கருத்துரைக்க வரவில்லை. பாட்டனாரிடம் தவறு இருந்தது என்பதை அவரே மறுக்கவில்லை. ஆனால் பாட்டனார் தவறினார் என்ற ஒன்றே, குழந்தைகள் ஓடித்திரியும் தளத்தில் அவ்வளவு உயரத்தில் சன்னல் ஏன் திறக்கக்கூடியதாக இருந்தது என்ற வினாவைத் தீர்த்துவிடுமா? பொறுப்பு என்பது, ஒருவர் அள்ளினால் மற்றவருக்குக் குறைந்துவிடும் பானைச் சோறு போன்றதன்று. ஒருவர் முழுப் பொறுப்பையும் ஏற்ற பின்னும் அடுத்தவருடைய பொறுப்பு அப்படியே இருக்கக்கூடும்.

இவ்விடத்தில் புனித தாமஸ் அக்குவினாஸ் நமக்குத் துணைசெய்கிறார். செய்யாமையும் ஒரு செயலாகுமா என்று 13ஆம் நூற்றாண்டில் ஆராய்ந்த அவர், எடுத்துக்காட்டாகக் கொண்டது ஒரு கப்பலையே. சுக்கான் பிடிப்பவர் பிடிக்காமல் விட்டதால் கப்பல் மூழ்கினால், மூழ்கியதற்கு அவரே காரணர் என்கிறார். ஆனால் உடனே ஒரு வரம்பையும் இடுகிறார். செய்யாதோர் அனைவரும் காரணர் ஆகார். செய்ய இயன்றவராகவும், செய்யக் கடமைப்பட்டவராகவும் இருந்து, செய்யாமல் விட்டவரே காரணர். கரையில் நின்ற கிழவரோ, சுக்கானையே அறியாத சமையற்காரரோ பொறுப்பாகார்.

‘இயலும்’, ‘கடமை’ என்ற இவ்விரு சொற்களையும் கொண்டு மேலே கூறியவற்றை உரசிப் பார்க்கலாம். நூறாண்டுக்கு முன் நள்ளிரவில் கப்பலின் பின்பக்கத்திலிருந்து ஒருவர் ஓசையின்றி விழுந்தால், அதனை அறிய எந்தத் தலைவராலும் இயலாது. அன்று அவர்மீது குற்றமில்லை. இன்று வெப்பத்தை உணரும் காமிராவும் அசைவை அறியும் கருவியும் கப்பலின் புறச்சுவரை இரவெல்லாம் பார்த்துக்கொண்டிருக்க இயலும். இயலாமை என்னும் காப்பு நீங்கிய அளவுக்குக் கடமை பெருகுகிறது. தேவையான கருவியை வாங்காதிருப்பவர், ‘எமக்குத் தெரியவில்லை’ என்று சொல்லும் உரிமையை இழந்துவிட்டார். அறியாமை தாமே தேடிக்கொண்டதாயின் அது மன்னிப்புக்குரியதன்று என்பது குருமடத்தில் நாம் முதலாண்டிலேயே படித்த பாடம்.

இனி நம் கடலுக்கு வருவோம். முத்துக் குளித்தல் நம் கடலில் 1961க்குப் பிறகு நடைபெறவில்லை. ஆகவே அதனை நேரில் கண்டோர் இன்று முதுமையில் இருப்பார்கள். குளிப்பவர் காலில் குளிகல்லைக் கோத்துக்கொண்டு பாருக்கு இறங்குவார். ஏறத்தாழ ஒரு நிமிட நேரமே மூச்சடக்கம். அந்த நேரத்துக்குள் கைக்கெட்டிய சிப்பிகளைப் பையில் வாரிக்கொண்டு, கயிற்றை ஆட்டி அடையாளம் காட்டுவார். மேலே தோணியில் கயிறு பிடித்திருப்பவர் உடனே இழுக்க வேண்டும். கீழே இருப்பவரால் பேச இயலாது, கத்த இயலாது. அவருடைய உயிர் முழுவதும் அந்தக் கயிற்றில், மேலே இருப்பவரின் விரல் உணர்வில் இருந்தது.

அக்கயிற்றை யாரிடம் கொடுப்பது? கூலிக்கு வந்தவரிடம் கொடுக்கலாம். நண்பரிடம் கொடுக்கலாம். ஆனால் மனைவியுடன் பிறந்த மச்சானிடமே கொடுப்பர் என்று நம் கடற்கரையில் வழிவழியாகச் சொல்லப்படுகிறது. மலையில் தேனெடுக்கும் மக்களிடமும் இவ்வழக்கு உண்டு. “மலையேறப் போனாலும் மச்சான் துணை வேண்டும்” என்ற பழமொழியைக் கேளாதார் யார்? காரணம் எளிது. உடன்பிறந்தவனாவது சொத்தைப் பிரித்துக்கொள்ளும் ஆசையால் ஒரு நொடி தயங்கலாம். மச்சான் தயங்கினால் அவன் தங்கை தாலியை இழப்பாள். அண்ணன் தம்பியரைப் பற்றி இவ்வளவு கசப்பான கருத்து வேண்டுமா என்று நமக்கும் தோன்றுகிறது. ஆயினும் வழக்கின் உட்பொருள் ஆழமானது. கயிறு பிடிப்பவர் திறமையானவராய் இருந்தால் மட்டும் போதாது. கீழே இருப்பவர் மாண்டால் தாமும் இழப்பவராக இருக்க வேண்டும். நல்ல மனத்தை நம்பி மட்டும் நம் முன்னோர் கயிற்றைக் கொடுக்கவில்லை. நல்ல மனம் தளரும் நேரத்திலும் தளராத ஓர் உறவைத் தேடிக் கொடுத்தனர்.

அக்காலத்தைப் பொற்காலமாகக் காட்ட நாம் விரும்பவில்லை. ஆங்கிலேயர் காலத்தில் எடுத்த சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு அரசுக்குப் போயிற்று. உயிரைப் பணயம் வைத்தவருக்குக் கிடைத்தது எஞ்சியதே. சுறாவின் வாயைக் கட்டுவதாகச் சொல்லிக் ‘கடல்கட்டி’ என்பவர் கரையில் அமர்ந்திருப்பார். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இக்கடற்கரைக்கு வந்த மார்க்கோ போலோவும் இத்தகையோரைப் பற்றி எழுதியிருக்கிறார். அவர் இல்லாமல் குளிப்பவர் இறங்க மறுத்ததால், பின்னர் வந்த ஐரோப்பிய ஆட்சியினரும் அவ்வழக்கை விட்டுவைத்தனர். மந்திரத்தால் சுறாவைக் கட்டலாம் என்பதை நாம் நம்பவில்லை. ஆனால் குளிப்பவர் கேட்டது என்னவென்று பாருங்கள். எங்கள் உயிருக்கு நான் பொறுப்பு என்று சொல்லி, வேலை முடியும்வரை கரையை விட்டு நகராதிருக்க ஓர் ஆள் வேண்டும் என்றே அவர்கள் கேட்டனர். மந்திரம் பொய்யாயினும் அக்கோரிக்கை மெய்யானது.

இந்தக் கயிற்றை இன்றைய சொகுசுக் கப்பலில் தேடினால், அது யார் கையில் இருக்கிறது? காமிராக்களைப் பார்க்கும் பணியாளரின் கையில். அவருக்குச் சம்பளம் கொடுப்பது கப்பல் நிறுவனம். கப்பலை நிறுத்தித் திருப்பித் தேடினால், அடுத்த துறையை அடையும் நேரம் தவறும், எரிபொருள் செலவாகும், பயணிகள் முணுமுணுப்பர். ஆக, கயிறு பிடித்திருப்பவர், இழுத்தால் இழப்பவரிடமே வேலை செய்கிறார். தீயவர் என்று யாரையும் நாம் சுட்டவில்லை. ஒருவர் விழுந்தார் என்று கூக்குரல் எழுந்தவுடன் தம் உயிரைப் பொருட்படுத்தாமல் மீட்புப் படகில் இறங்கிய மாலுமிகளின் வரலாறுகள் பல. விழுந்தவரைக் கண்ணால் கண்டவர், வேறெதுவும் செய்யாமல், அவரை நோக்கிக் கையை நீட்டிக்கொண்டே நிற்க வேண்டும் என்பது கடலோடிகளின் பழைய விதி. நம் குறையெல்லாம், காண்பவர் இல்லாத நேரத்தைப் பற்றியதே.

2022 நவம்பரில் மெக்சிகோ வளைகுடாவில் ‘கார்னிவல் வேலர்’ கப்பலிலிருந்து ஓர் இளைஞர் இரவில் விழுந்தார். காணவில்லை என்று அவருடைய சகோதரி கூறியது மறுநாள் நண்பகலில். அதுவரை கப்பல் அவரின்றியே போய்க்கொண்டிருந்தது. அன்று இரவு, பதினைந்து மணி நேரத்துக்கும் மேல் நீரில் மிதந்த அவரைக் கடலோரக் காவற்படையினர் உயிரோடு மீட்டனர். வியப்பான செய்தி என்று உலகம் மகிழ்ந்தது, நாமும் மகிழ்ந்தோம். ஆனால் ஒன்றை மறக்கலாகாது. அன்று கயிறு யார் கையில் இருந்தது? கருவியின் கையிலும் இல்லை, பணியாளர் கையிலும் இல்லை. உடன்பிறந்தாள் ஒருத்தியின் கையில் இருந்தது.

இனிக் கடினமான பகுதி. விழுவோருள் சிலர் தாமாகவே குதிப்பவர். இதனை மறைப்பதில் பயனில்லை. கப்பல் நிறுவனங்கள் இதனையே பெரிதாகக் கூறுகின்றன. அவர் விரும்பிக் குதித்தார், நாங்கள் என் செய்வது என்கின்றன. நம் ஊரிலும் இப்படிப் பேசுவோர் உண்டு. துன்பத்தின் இருளில் ஒருவர் எடுத்த முடிவு, மற்றவர் அனைவரையும் கடமையிலிருந்து விடுவித்துவிடுமா?

யோனாவின் வரலாற்றை இங்கே மீண்டும் வாசிக்க வேண்டும். புயலின் நடுவே, என்னைக் கடலில் எறிந்துவிடுங்கள் என்று தாமே சொன்னவர் யோனா. மாலுமிகளோ நம் இறைவனை அறியாத பிற இனத்தார். அவர்களுக்கு அது எளிய வழி. எறிந்தால் கடல் அடங்கும், கேட்டவரும் அவரே. ஆயினும் அவர்கள் எறியவில்லை. கரைசேர்க்கத் தண்டு வலித்தனர். இயன்றமட்டும் வலித்தனர். கடல் மேலும் கொந்தளித்து, இனி இயலாது என்றான பிறகே, குற்றமற்ற குருதி எங்கள்மேல் விழ வேண்டாம் என்று இறைவனை மன்றாடி, நடுங்கும் கைகளோடு அவரை விட்டனர். மறையுரைகளில் நாம் யோனாவைப் பற்றியும் மீனைப் பற்றியும் பேசுகிறோம். தண்டு வலித்தவர்களைப் பற்றி எவ்வளவு குறைவாகப் பேசியிருக்கிறோம்! இறப்பை விரும்பிக் கேட்டவருக்காகவும் தண்டு வலித்தல் வேண்டும் என்று அந்தப் பெயரற்ற மாலுமிகள் அறிந்திருந்தனர். தன்னுயிரை மாய்த்துக்கொள்வோரின் பொறுப்பு, கடும் மன உளைச்சலாலும் அச்சத்தாலும் குறையக்கூடும் என்று திருச்சபையின் மறைக்கல்வி நூலும் கற்பிக்கிறது. அவருடைய பொறுப்பு குறைகிறது என்றால், பக்கத்தில் இருப்பவருடைய பொறுப்பு கூடுகிறது என்பதே அதன் மறுபக்கம். மதுக்கூடத்தில் நான்கு நாள் தனித்து அமர்ந்தவரை, அறையை விட்டு வெளிவராதவரைக் கவனிக்கப் பயிற்சி பெற்ற ஒருவர் கப்பலில் இருக்கிறாரா என்று கேட்பது மிகையாகாது.

பொறுப்பைப் பற்றிப் பேசும்போது மற்றொரு பிழையும் நேர்கிறது. அது கீழ்நோக்கி உருண்டோடுகிறது. இரவுக் காவலில் கண்ணயர்ந்த இளைஞர் மீது பழி விழுகிறது. எத்தனை மாதம் வீடு காணாமல், எத்தனை மணி நேரம் தொடர்ந்து அவர் விழித்திருந்தார் என்பது விசாரணையில் கடைசி வரியாகவேனும் வருவதில்லை. அவர் நம் பங்கு இளைஞராகவும் இருக்கக்கூடும். மறுபுறம், மேலிருப்பவர் தப்பியோடும் காட்சியும் உண்டு. 2012 ஜனவரியில் இத்தாலியக் கரையோரம் பாறையில் மோதிய ‘கோஸ்டா கன்கார்டியா’வில் 32 பேர் மாண்டனர். பயணிகள் உள்ளே இருக்கக் கப்பலை விட்டு நீங்கிய தலைவருக்கு 16 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. திருத்தூதர் பணிகள் நூலில் பவுலின் கப்பலிலும் மாலுமிகள் நங்கூரம் இறக்குவது போல நடித்துச் சிறு படகில் ஓட முயன்றனர். இவர்கள் கப்பலில் இராவிடில் நீங்கள் பிழைக்க இயலாது என்று பவுல் சொல்ல, படைவீரர் படகின் கயிற்றை அறுத்துவிட்டனர். ஓடுவோரும் ஓட இயலாதோரும் ஒரே கப்பலில் இருக்க வேண்டியதாயிற்று. 276 பேரும் கரைசேர்ந்தனர். மச்சான் கையில் கயிற்றைக் கொடுத்த நம் முன்னோரின் அறிவும், படகின் கயிற்றை அறுத்த அந்த வீரரின் செயலும் ஒன்றையே நாடுகின்றன என்று நமக்குத் தோன்றுகிறது.

தொலைவிலுள்ள சொகுசுக் கப்பலைக் குறைகூறுவது எளிது. 2011 கிறிஸ்து பிறப்பு நாளில் பழவேற்காட்டில் உலாப் படகு கவிழ்ந்து 22 பேர் மாண்டனர். 2014 பிப்ரவரியில் நம் மணப்பாட்டுக் கடலில், ஏற்றத்தக்க அளவுக்கு மேல் ஆட்களை ஏற்றிய படகு கவிழ்ந்து சுற்றுலா வந்தோர் பலர் மாண்டனர். 2023 மே மாதம் கேரளத்துத் தானூரில் 22 பேர். அவர்களுள் பலர் குழந்தைகள். இங்கெல்லாம் காமிரா இல்லை, பன்னாட்டு உடன்படிக்கை இல்லை. கரையில் ஒருவர் நின்று, இத்தனை பேர்தான் ஏறலாம் என்று கைநீட்டித் தடுத்திருந்தால் போதும். ஏன் தடுக்கவில்லை? கரையில் நின்றவர் கட்டணம் வாங்குபவராகவே இருந்தால், ஒவ்வொரு தலையும் அவருக்கு வருவாய் அன்றோ? எண்ண வேண்டியவரும் அவரே, கூட்டத்தால் ஆதாயம் பெறுபவரும் அவரே.

கடலில் மறைந்தோர்க்காக வெற்றுப் பேழை வைத்துத் திருப்பலி நிறைவேற்றியது கடற்கரைப் பங்குகளில் பணியாற்றிய எந்தக் குருவுக்கும் புதிதன்று. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயலில் தமிழகம், கேரளம் இரண்டிலுமாக 200க்கு மேற்பட்ட மீனவர் மறைந்தனர். பலருடைய உடல் கிடைக்கவே இல்லை. உடல் கிடையாதவரை இறந்தவராகக் கொள்ள ஏழாண்டு கழிய வேண்டும் என்பது நம் சான்றுச் சட்டத்தின் பொது விதி. அப்புயலின் பின் அரசு அதனைத் தளர்த்தியது நன்று. ஆனால் ஏழாண்டும் தளர்த்தலும் சட்டத்துக்குரியவை. பேழைக்குள் வைக்க ஒரு சட்டையும் செபமாலையும் மட்டுமே கொண்டுவந்த ஒரு தாய், “சாமி, யாராவது பார்த்திருப்பாங்களா?” என்று நம்மிடம் கேட்டதுண்டு. யார் தவறு என்று அவர் கேட்கவில்லை. தம் மகன் நீரில் இறங்கிய அந்த நேரத்தில், அவனை நோக்கி ஒரு கண்ணாவது திறந்திருந்ததா என்பதே அவருடைய கேள்வி. சிங்கப்பூர் நீரிணையில் தாயை இழந்த குடும்பம் பதிவைக் காட்டச் சொல்லிக் கேட்டதும் இதனையே என்று எண்ணுகிறோம்.

ஆகவே நம் கடற்கரைப் பங்குப் பேரவைகளுக்கு ஒரு சிறு கருத்தை முன்வைக்கிறோம். மணப்பாட்டுத் திருச்சிலுவைத் திருவிழாவானாலும் பள்ளி விடுமுறையானாலும், விருந்தினரை ஏற்றிக்கொண்டு படகு இறங்கும் நாளில், கரையில் ஒரு குறிப்பேடு இருக்கட்டும். ஏறுவோர் பெயர் ஒவ்வொன்றும் அதில் எழுதப்படட்டும். குழந்தையின் பெயரும் தனியே எழுதப்பட வேண்டும். ‘மூவர்’, ‘நால்வர்’ என்று எண்ணிக்கையாக வேண்டா. எழுதுபவர் படகுக்காரராகவோ கட்டணம் பெறுபவராகவோ இருக்கலாகாது. ஏறுவோரின் உறவினருள் கரையில் தங்குபவர் ஒருவரே எழுதட்டும். உயிர்காப்பு அங்கி அணியாதவர் இருந்தாலும், அளவுக்கு மேல் ஒருவர் ஏறினாலும், படகை நிறுத்தும் உரிமை அவருக்கு இருக்கட்டும். அதனைப் படகுக்காரர் முன்கூட்டியே ஒப்புக்கொள்ளட்டும். படகு திரும்பியதும் பெயர் சொல்லி அழைத்து, இறங்கியவர் பெயரை ஒவ்வொன்றாக அடிக்கட்டும். கடைசிப் பெயர் அடிக்கப்படும்வரை அவர் கரையிலேயே நிற்கட்டும்.